பரிமாறும் வேலைக்கு வாங்கிய கறுப்புக் காலணி: 14 மாதங்களுக்குப் பிறகு

ஏற்காட்டில் ஏரியைப் பார்த்தாற்போல் அமைந்த ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் மூன்று ஆண்டுகளாகப் பரிமாறும் வேலை செய்துவருகிறேன். அதற்கு முன்னால் நான்கு ஆண்டுகள், சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு சைவ உணவகத்தில் இதே வேலையில் இருந்தேன். இந்த ஏழு ஆண்டுகளில் எத்தனையோ செருப்புகள் தேய்ந்து போயின. அவற்றில் ஒன்றைப் பற்றியும் யாரிடமும் பேசவேண்டும் என்று தோன்றியதில்லை. சென்ற ஆண்டு வாங்கிய ஒரு ஜோடிக் காலணியைப் பற்றி மட்டும், 14 மாதங்கள் போட்டு உழைத்த பிறகு, விரிவாக எழுதத் தோன்றுகிறது. உணவகம், சமையற்கட்டு, துணிக்கடை என்று நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு இது பயன்படும். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளும் ஒருமுறை படிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

பொருள் இதுதான்: சமையற்கூடப் பணிக்கென்று விற்கப்படும், விரல்களும் மேற்பாதமும் முழுதும் மூடிய கறுப்புக் காலணி. மேற்பகுதி ஈ.வி.ஏ. என்னும் இலகுவான நுரைப்பொருளில் ஒரே வார்ப்பாக இருக்கிறது; தையல் கிடையாது, துளையும் கிடையாது. அடியில் தனியாக ஒரு ரப்பர் தளத்தை ஒட்டியிருக்கிறார்கள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு பட்டையும், உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய மெத்தையும் உண்டு. சேலம் சின்னக் கடைவீதியில் 1,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏறக்குறைய இதே அச்சில் பல நிறுவனங்கள் காலணி விற்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட, வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்வதே வாசிப்பவருக்கு உதவும் என்று கருதுகிறேன்.

காலணியைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாங்கள் நடக்கும் தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாப்பிட வருகிறவர் உட்காரும் இடத்தில் பளபளப்பான ஓடு பதித்திருக்கும். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் பதினொன்றரை மணிக்குச் சோப்புத் தண்ணீர் தொட்டு அதைத் துடைப்பார்கள். அது காய்வதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்துவிடுவோம். அங்கிருந்து சமையற்கட்டுக்குப் போகும் வழி நாலைந்து அடி நீளம்தான், ஆனால் ஒவ்வொரு வாளியிலிருந்தும் சொட்டும் சாம்பாரும் ரசமும் அந்த இடத்தில்தான் விழும். உள்ளே கடப்பைக் கல் தரை. தோசைக்கல்லில் தெறித்த எண்ணெய் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். எச்சில் தட்டுகளைக் கொண்டுபோய் வைக்கும் கழுவுமிடத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் ஆறு மேசைகள் போட்டிருக்கிறோம். அவற்றுக்கு இறங்க ஏழு கருங்கல் படிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் படிகளில் பாசி பிடித்துவிடும். ஏரியில் படகு ஏறிவிட்டு நேரே சாப்பிட வருபவர்கள் காலில் ஒட்டிய செம்மண்ணையும் உள்ளே கொண்டுவருவார்கள். ஒரு நாளில் இந்த ஐந்து தரைகளையும் நூறு முறைக்கு மேல் மாறி மாறி மிதிக்கிறோம். அப்போது ஒரு கையில் சூடான வாளியும் மற்றொரு கையில் அடுக்கிய தட்டுகளும் இருக்கும். விழுந்தால் ஊன்றிக்கொள்ள மூன்றாவது கை கிடையாது.

நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். சேலத்தில் வேலை பார்த்த காலத்தில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்போதெல்லாம் சாதாரண ரப்பர் செருப்புதான் எல்லோரும் போட்டிருப்போம். இரண்டாவது சுற்றுக்கு சாம்பார் வாளியை நிரப்பிக்கொண்டு சமையற்கட்டு வழியில் திரும்பினேன். இடக்கால் முன்னே ஓடிவிட்டது. வார் அறுந்து செருப்பு எங்கோ போனது. வாளி என் வலது முன்கையின் மேல் கவிழ்ந்தது. கொப்புளம் ஆறப் பன்னிரண்டு நாட்கள் ஆயின, தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று முதலில் காதில் விழுந்தது, தரையைச் சீக்கிரம் துடைக்கச் சொன்ன குரல். கழுவுமிடத்து அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் காட்டவைத்தார். வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். என்ன செருப்புப் போட்டிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அதைக் கேட்கவேண்டும் என்று தெரியவில்லை. கவனக்குறைவு என்று அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். ரப்பர் செருப்பின் அடி தேய்ந்து வழவழப்பானால் சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் பக்கவாட்டில் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே படலமாகத் தங்கிவிடும், கால் தரையைத் தொடுவதே இல்லை என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

மலைக்கு வேலைக்கு வந்தபோது சீருடையோடு 'பெல்லி' என்று சொல்லும் தட்டையான காலணி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தது. அடித்தளம் அட்டை கனம்கூட இல்லை. ஆறு மாதத்தில் குதிகாலில் ஒரு வலி ஆரம்பித்தது. காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்தாற்போல் இருக்கும். பத்து அடி நடந்தால் குறைந்துவிடும். இரவு வேலை முடிந்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வரும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காட்டினேன். குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை நைந்துபோயிருக்கிறது, நீண்ட நேரம் கெட்டித் தரையில் நிற்பவர்களுக்கு இது வருவது வழக்கம் என்று மருத்துவர் விளக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை உள்ளங்காலால் உருட்டுவது, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காமலிருப்பது, இவற்றோடு குதிகாலைத் தாங்கும் காலணி ஒன்றும் வேண்டும் என்றார். மாத்திரை ஐந்து நாளைக்குத்தான் கொடுத்தார். காலணிக்குச் சீட்டு எழுதிக்கொடுக்க முடியாதே என்று அவரே வருத்தத்துடன் சொன்னது நினைவிருக்கிறது.

அன்றே கடைவீதிக்குப் போனேன். மருத்துவமனையில் வரிசை முடிந்து, வழியில் ஒரு தட்டுவடை செட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் நுழையும்போது மாலை ஆறு மணி ஆகியிருந்தது. அந்த நேரம் எனக்கு நல்லதாக அமைந்தது.

"அண்ணா, ஓட்டல்ல பரிமாறுற வேலைக்குங்க. எண்ணெத் தரையில வழுக்காத மாதிரி வேணும்," என்றேன்.

"சாயங்காலமா வந்தீங்களே, அதுவே நல்லதுங்கம்மா. காலையில அளவு பாத்து வாங்கிட்டுப் போறவங்க, மறுநாளே விரலைக் கடிக்குதுன்னு மாத்த வந்துர்றாங்க," என்றார் கடைக்காரர்.

நாள் முழுவதும் நின்ற கால் மாலையில் வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்து அளவுதான் வேலைக்குரிய அளவு. வழக்கமாக ஐந்தாம் எண் போடும் எனக்கு அன்று ஆறாம் எண் சரியாக இருந்தது. அவர் கடையிலேயே ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துவந்து, அதன்மேல் தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, காலணியைப் போட்டுக்கொண்டு ஏறி நிற்கச் சொன்னார். இப்படிச் சோதித்துக் காட்டும் கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள்.

பெட்டியில் பார்க்கவேண்டிய குறிகளை அவர் சொன்னதையும், என் மகள் பிறகு தேடிப் படித்துச் சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன். ஐ.எஸ். 15298, பகுதி 4 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணியிடக் காலணிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரம் அது, ஐ.எஸ்.ஓ. 20347 என்ற பன்னாட்டுத் தரத்தை ஒட்டியது. கட்டட வேலைக்காரர்கள் போடும் இரும்பு முனை வைத்த காலணி அதே தரத்தின் வேறு பகுதியில் வருகிறது. நமக்கு அந்த இரும்பு வேண்டியதில்லை, எடைதான் கூடும். அடுத்ததாக வழுக்காத தன்மைக்கான குறி. எஸ்.ஆர்.ஏ. என்றால் சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டின் மேல் சோதித்தது என்று பொருள், எஸ்.ஆர்.பி. என்றால் கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டின் மேல்; இரண்டிலும் தேறினால் எஸ்.ஆர்.சி. நான் வாங்கியதில் எஸ்.ஆர்.சி. இருந்தது. பன்னாட்டுத் தரத்தை 2022இல் திருத்தியபோது இந்தக் குறிகளையும் மாற்றினார்கள். ஆகவே புதிய பெட்டிகளில் எஸ்.ஆர். என்று மட்டும் இருக்கலாம். வெறுமனே வழுக்காது என்று பெரிதாக எழுதி, எந்தக் குறியும் இல்லாமல் விற்பதை நம்பி வாங்கவேண்டாம். கடைவீதியில் அத்தகையவை 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. எங்களுடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி வாங்கிய அப்படிப்பட்ட ஒன்று மூன்றாம் நாளே கழுவுமிடத்தில் வழுக்கியது.

முதல் பத்து நாட்கள் சுகமாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் திறந்த செருப்பில் பழகிய கால், மூடிய காலணிக்குள் வெந்தது. ஏற்காட்டின் குளிருக்குப் பரவாயில்லை. அடுப்பருகே போனால் வியர்த்தது. பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி, மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ள ஆரம்பித்த பிறகு அது சரியாயிற்று. நைலான் காலுறை உதவாது. சேலத்தில், அதுவும் சித்திரை வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் காலணி எங்களைவிடக் கூடுதலாகச் சுடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பிடிமானம் என்று பார்த்தால், சோப்புத் தண்ணீர்த் தரையிலும் சாம்பார் சிந்திய வழியிலும் இந்த 14 மாதத்தில் ஒருமுறைகூடக் கால் வழுக்கவில்லை. அடித்தளத்தில் அறுகோண வடிவில் சிறு சிறு கட்டங்களும் அவற்றுக்கிடையே வெளிப்புறம் நோக்கித் திறந்த வாய்க்கால்களும் இருக்கின்றன. மிதிக்கும்போது தண்ணீர் அந்த வாய்க்கால்கள் வழியே வெளியே போய்விடுகிறது. இதில் ஒரு வேலை உங்களுக்கும் இருக்கிறது. சோற்றுப் பருக்கைகள் அந்த வாய்க்கால்களில் போய் ஒட்டிக் காய்ந்துவிடும். இரண்டு நாள் விட்டால் கல்லாகிவிடும். அப்புறம் கட்டம் இருந்தும் பயனில்லை. தினமும் இரவு வீட்டுக்குக் கிளம்புமுன் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுகிறேன். இரண்டு நிமிட வேலை. சமையற்கட்டின் எண்ணெய்ப் படலத்தில் பிடிமானம் சற்றுக் குறைவுதான், ஆனால் கால் நகர்வது முன்கூட்டியே தெரிகிறது, சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தோற்றுப்போன இடம் பாசி படிந்த கருங்கல் படி. அங்கே இதுவும் வழுக்குகிறது. ஆகவே மழைக்காலத்தில் அந்தப் படிகளைச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது வாரம் ஒருமுறை செய்கிறார்கள்.

நிற்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழிலிருந்து பதினொன்று, மதியம் பன்னிரண்டரையிலிருந்து நான்கு, இரவு ஏழிலிருந்து பத்தரை. இதைப் பிரேக் டியூட்டி என்போம். மகள் சொன்னபடி கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு சில நாட்கள் அடிகளை எண்ணினேன். கூட்டமில்லாத புதன்கிழமை 13,000 அடிகள் ஆயின. மே மாதத்தில் கோடை விழா நடக்கும்போது, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டுச் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் வாசல்வரை காத்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை 24,000ஐத் தாண்டியது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவர்கள் பசியோடும், குழந்தைகள் வாந்தி எடுத்த களைப்போடும் வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும், அதைக் கொண்டுவந்து வைப்பவரிடமிருந்து ஒரு கனிவான சொல்லும்தான்.

இந்தக் காலணியால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அங்கேதான் இருக்கிறது. குதிகால் வலித்த அந்த ஆண்டு நான் எப்படிப் பரிமாறினேன் என்பது எனக்குத் தெரியும். ஒரு மேசைக்குப் போகுமுன் இன்னும் யாராவது எதையாவது கேட்பார்களா என்று காத்திருந்து, இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போவேன். சட்னி கேட்டவருக்குத் தோசை ஆறிய பிறகு சட்னி போகும். "இன்னும் கொஞ்சம் ரசம் கிடைக்குங்களா?" என்று கேட்டால் வாயால் "இதோங்க" என்று சொல்வேன், முகம் வேறொன்றைச் சொல்லும். ஒருநாள் வயதான ஓர் அம்மா, "ஏன் கண்ணு, நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டனா?" என்று கேட்டுவிட்டார். அன்றிரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. பரிமாறுபவர் முகத்தைச் சுளிக்கிறார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார் என்று உணவகங்களைப் பற்றி எழுதுபவர்கள் குறை சொல்வதைப் படித்திருக்கிறேன். அவற்றுள் எத்தனை முகங்கள் காலின் வலியைக் காட்டியவை என்று எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் காலணியைப் போட ஆரம்பித்த மூன்றாம் மாதத்தில் காலை நேர வலி பாதியாகக் குறைந்தது, ஆறாம் மாதத்தில் ஏறக்குறைய நின்றது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் இதைக் கணக்கிடவேண்டும். இப்போது சட்னி கேட்டால் சட்னிக்காக மட்டும் ஒரு நடை போய்வர முடிகிறது.

குறைகளுக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் மெத்தை எட்டாம் மாதத்தில் குதிகால் படும் இடத்தில் அப்பளம்போல் தட்டையாகிவிட்டது. நுரைப்பொருள் தொடர்ந்து அழுந்தினால் பழைய கனத்துக்குத் திரும்பாது, இது எதிர்பார்க்கவேண்டியதுதான். 160 ரூபாய்க்கு வேறு மெத்தை வாங்கிப் போட்டேன். பதினோராம் மாதத்தில், தொடர்மழைக்குப் பிறகு, இடது காலணியின் முன்முனையில் ரப்பர் தளம் விடுபட்டு வாய் பிளந்தது. பேருந்து நிலையத்தருகே உட்காரும் செருப்புத் தைக்கும் பெரியவர், இந்த நுரையில் தையல் நிற்காது என்று சொல்லி, இரண்டு பக்கமும் உரசிப் பசை தடவி, இரவு முழுவதும் கல்லின் அடியில் வைத்துக் கொடுத்தார். 50 ரூபாய் வாங்கினார்; இதுவரை பிடித்து நிற்கிறது. இந்த விலையில் ஒட்டு விடக்கூடாது என்பதே என் எண்ணம். வலது காலணியின் வெளி ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. சமையற்கட்டு வாசலில் வாளியோடு ஒரு நாளில் நூறு முறை வலப்பக்கம் திரும்புவதால் வந்தது, அதற்குக் காலணியைக் குறை சொல்ல முடியாது.

ஒன்றை மிகுந்த எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஈ.வி.ஏ. சூட்டில் சுருங்கும். எங்கள் கூடத்தில் இதே காலணி வாங்கிய இன்னொரு பெண், நனைந்ததை உலர்த்துவதற்காக இரவில் அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் எடுத்தால் ஓர் எண் சிறுத்திருந்தது, கால் நுழையவில்லை. 1,350 ரூபாய் ஒரே இரவில் போயிற்று. அவள் அழுதது கண்ணிலேயே நிற்கிறது. வெயிலிலும் காயவைக்கக்கூடாது. துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் வைத்தால் காலைக்குள் உலர்ந்துவிடும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேலைக்குக் கீழே கனமாகத் தெரிகிறது, சுடிதாருக்குப் பொருந்துகிறது. தொடக்கத்தில் மேற்பார்வையாளர் சற்றுத் தயங்கினார், பிறகு பழகிவிட்டது.

இந்தக் காலணியால் தீராத ஒன்றும் இருக்கிறது. எங்களோடு பரிமாறும் மூத்த அக்கா ஒருவருக்கு இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலநிறத்தில் முறுக்கிக்கொண்டு புடைத்திருக்கும். இருபது ஆண்டுகள் நின்றே உழைத்தவர். காலையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவார். அவரையும் இதை வாங்கச் சொன்னேன். "நீ இப்பவே போட்டுக்கோ கண்ணு. எனக்கு உக்கார எடம் குடுத்தாப் போதும்," என்றார். அவர் சொன்னது சரி. காலணி குதிகாலைத் தாங்கும். அசையாமல் நிற்பதால் காலில் தேங்கும் இரத்தத்தை அதனால் மேலே அனுப்ப முடியாது. அதற்கு இடையிடையே உட்காரவேண்டும். கேரளத்தில் 2018இலும், நம் மாநிலத்தில் 2021இலும், கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உணவகங்களுக்கென்று 1958ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் எங்கள் கால் துணிக்கடைப் பெண்ணின் காலைப்போன்றதுதான். எங்கள் கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இப்போது இரண்டு முக்காலிகள் இருக்கின்றன. மேசைகள் காலியாக இருக்கும்போது ஐந்து நிமிடம் உட்காரலாம், யாரும் முறைப்பதில்லை. அந்த ஐந்து நிமிடமும் இந்தக் காலணியும் சேர்ந்தால்தான் இரவு பத்தரைவரை நிற்க முடிகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தவிர்க்க முடியாது.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். காலணி 1,350, மெத்தை 160, ஒட்டுக்கூலி 50; மொத்தம் 1,560. 14 மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 111 ரூபாய் ஆகிறது. முன்பு போட்ட ரப்பர் செருப்பு 130 ரூபாய், இரண்டு மாதம் வரும், மாதத்துக்கு 65. 'பெல்லி' 400 ரூபாய், மூன்று மாதம்கூடச் சரியாக வராது. மாதத்துக்கு 133க்கு மேல். ஆக, ரப்பர் செருப்புதான் மலிவு என்பது உண்மை. கை வெந்த பன்னிரண்டு நாட்களின் சம்பளத்தையும், சேலத்துக்கு மருத்துவமனைக்குப் போய்வந்த பேருந்துச் செலவையும் அதோடு சேர்த்தால் அந்த மலிவு நிற்காது. ஆனால் முதல் தடவை 1,350 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எளிதல்ல. நான் தனியே முடிந்து வைத்திருந்த இரண்டு மாத டிப்ஸ் பணத்தில்தான் வாங்கினேன்.

அதனால் இதை வாங்கிக்கொடுக்கவேண்டியவர் முதலாளி என்று உறுதியாக நினைக்கிறேன். சேலையோ சட்டையோ விருந்தினர் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை விடுதியே வாங்கித் தருகிறது; காலணி மேசைக்குக் கீழே மறைந்துவிடுவதால் எங்கள் பொறுப்பாகிவிடுகிறது. சித்திரைக் கூட்டம் முடிந்த கையோடு எங்கள் முதலாளியம்மாவிடம் இந்தக் கணக்கையும், தேய்ந்த என் பழைய 'பெல்லி'யின் அடிப்பாகத்தையும் காட்டிப் பேசினேன். அவர் அந்த அட்டைத் தளத்தை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா இத்தன நாளு நின்னீங்க?" என்று கேட்டார். பாதி விலையை விடுதி தரும், மீதியை மூன்று மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். முழுவதும் கேட்டிருக்கவேண்டும் என்று அக்கா சொல்கிறார். அடுத்த ஆண்டு கேட்போம்.

எனக்கு அடித்தளம் இன்னும் இரண்டு மூன்று மாதம் வரும். ஆனால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் கோடையிலிருந்து ரப்பர் செருப்போடுதான் வாளி தூக்குகிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு வாரவிடுப்பு. அவளையும், காலணி சுருங்கிப்போன பெண்ணையும் அழைத்துக்கொண்டு சின்னக் கடைவீதிக்குப் போகிறேன். இருவரும் மதியப் பந்தி முடித்துவிட்டு நாலரை மணிப் பேருந்தில் இறங்கிவருவார்கள். கால் நன்றாக வீங்கியிருக்கும்போதே அளவு பார்த்துவிடலாம்.